மாங்கொட்டையும் முட்டைக் கோழியும்

நமது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி, தேவிகாபுரம் முதலிய நெசவூர்களிலும், செங்கம், போளூர், கலசப்பாக்கம் முதலிய வட்டங்களின் உழவர் குடும்பங்களிலும் கோழி வளர்ப்பது நெடுங்காலமாக இருந்துவரும் உபதொழில். தறிக்கூலி கைக்கு வரும் வரையிலும், கடலை விலைபோகும் வரையிலும் வீட்டின் சில்லறைச் செலவைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் நம் தாய்மார்கள் வளர்க்கும் கறவை மாடும் கோழியுமே என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். முன்னாளில் குப்பைமேட்டைக் கிளறித் தானே இரை தேடிய கோழியின் இடத்தில், இன்று பல வீடுகளில் முட்டைக்கென்றே வளர்க்கப்படும் உயர்ரகக் கோழிகள் பத்தும் இருபதுமாக அடைபட்டிருக்கின்றன. இவை இரை தேடிப் போவதில்லை. மூட்டையில் வரும் தீவனத்தையே நம்பி வாழ்கின்றன.

ஒரு முட்டையின் அடக்க விலையில் 100க்கு ஏறத்தாழ 70 பங்கு தீவனச் செலவே ஆகும். அத்தீவனத்திற்கு இரு தூண்கள் மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும். இவ்விரண்டின் விலையும் நம் ஊர்ச் சந்தையில் மட்டும் தீர்மானமாவதில்லை. 2021 ஆம் ஆண்டில் சோயாப் பிண்ணாக்கின் விலை மிக உயர்ந்தபோது, 12 லட்சம் டன் வெளிநாட்டுச் சரக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி வழங்க நேர்ந்தது. அதன் பின்னர், மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகள் பெருகியமையால், அத்தானியத்தை வழக்கமாக ஏற்றுமதி செய்துவந்த நமது நாடு 2024 ஆம் ஆண்டில் அதனை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. பெரும் பண்ணையாளர் இத்தகைய விலையேற்றத்தை ஓரளவு தாங்குவர். இருபது கோழி வைத்திருக்கும் நெசவாளர் குடும்பத்திற்கு அஃது இயலாது.

இந்நிலையில், நான் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் அங்கத்தினர் பலர் ஒரு கேள்வியை எழுப்புகின்றனர். நமது அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் நிறைய உள்ளன. அங்கே தோலும் கொட்டையும் குவிகின்றன. மிக மலிவாகக் கிடைக்கும் அவற்றை வாங்கிக் கோழிக்குப் போட்டால் என்ன? இதுவே அக்கேள்வி. நியாயமான கேள்விதான். இதற்கு என் விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். கொட்டைப் பருப்பைப் போடலாம். ஆனால் தனித்தனி வீட்டார் தம் மனம் போனபடி போடலாகாது. சங்கம் பக்குவம் செய்து, சோதித்து, அளவறிந்து கலந்து தருமானால் மட்டுமே போடலாம். தோலையோ முட்டைக் கோழிக்குப் போடுவதில் பயனில்லை. இவ்விதம் கூறுவதற்குரிய காரணங்களை அங்கத்தினர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கழிவு என்று ஒன்று இல்லை

கிருஷ்ணகிரி ஆலைகளில் பெரிதும் கூழாக்கப்படுவது பெங்களூரா எனவும் கிளிமூக்கு எனவும் நாம் வழங்கும் தோத்தாபுரி ரகமே. பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் தோலும் கொட்டையுமாகவே கழிந்துபோகிறது. அதாவது, குடியானவர் வண்டியேற்றி அனுப்பும் மூன்று கூடை மாங்கனியில் ஒரு கூடை ஆலையின் புறக்கடையில் கொட்டப்படுகிறது. 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இதே ரகத்தின் விலை சரிந்து, அண்டை ஆந்திர மாநிலத்தில் ஆலைகள் கொடுக்கும் விலையோடு கிலோவுக்கு 4 ரூபாய் அரசு மானியமும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. கொட்டப்படும் அந்த ஒரு கூடைக்கும் ஒரு விலை ஏற்படுமாயின், அதில் ஒரு சிறு பங்காவது மாந்தோப்புக்காரருக்குச் சேரக்கூடும். ஆகவே இது கோழி வளர்ப்போர் விஷயம் மட்டுமன்று. பயிரிடுவோர் விஷயமும் ஆகும்.

கழிவுப் பொருளுக்கு மதிப்பு உண்டாவது நமக்குப் புதிதன்று. ஜவ்வாது மலையில் புளி உலுக்குவோர் ஒதுக்கிய புளியங்கொட்டை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மாவுப்பொருள்களுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது பாவுக்குப் போடும் கஞ்சிக்கு உதவும் பொருளாயிற்று. சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுத்தபின் மிஞ்சும் திப்பி இன்று மாட்டுத் தீவனமாக விலைபோகிறது. அங்கு ஜவ்வரிசி உற்பத்தியாளர் 1981 ஆம் ஆண்டில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. எண்ணெய் ஆட்டியபின் நிற்கும் கடலைப் பிண்ணாக்கும் ஒரு வகையில் கழிவே அன்றோ? ஆயினும் அதனைக் கழிவென்று நம் மாவட்டத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பசுவின் வயிறு வேறு. கோழியின் வயிறு வேறு

நிற்க. ஒரு பொருளுக்கு மதிப்பு உண்டு என்பதனால் அஃது எல்லா உயிர்க்கும் ஏற்றது என்று கொள்ளலாகாது. பருத்திக் கொட்டையை எடுத்துக்கொள்வோம். கறவை மாட்டுக்கு அதைவிடச் சிறந்த தீனி உண்டோ? ஆனால் அதிலுள்ள காசிபால் என்னும் பொருள் முட்டைக் கோழிக்கு ஆகாது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு மிகுதியாகத் தின்ற கோழியின் முட்டையைச் சில காலம் வைத்திருந்து உடைத்தால், மஞ்சட்கரு பசுமை கலந்த பழுப்பு நிறமாகத் தோன்றும். வாங்கியவர் மறுமுறை நம்மிடம் வருவாரா?

பசுவுக்கு நான்கு அறை கொண்ட வயிறு. நாரையும் சக்கையையும் ஊறவைத்து, அசைபோட்டு, நுண்ணுயிர்களின் துணையால் சத்தாக மாற்றிக்கொள்ளும் வல்லமை அதற்கு உண்டு. கோழிக்கு அந்த வசதி இல்லை. அது தின்பதோ மிகக் கொஞ்சம். நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம். அந்தக் கொஞ்சத்திற்குள் அன்றாட உயிர்வாழ்வுக்கும் முட்டைக்கும் வேண்டிய யாவும் அடங்கியிருக்க வேண்டும். முட்டையிடும் கோழியின் தீவனத்தில் 100க்கு 16 முதல் 18 பங்கு வரை புரதமும், ஏறத்தாழ 4 பங்கு சுண்ணாம்புச் சத்தும் இருக்க வேண்டும் என்று கால்நடை வல்லுநர்கள் விதிப்பது இதனாலேயே.

இப்பொழுது மாம்பழத் தோலைப் பார்ப்போம். பச்சையாக உள்ள தோலில் 100க்கு 80 பங்கு போல் தண்ணீரே. உலர்த்தியபின் நிற்பதில் சர்க்கரையும் நாரும் மிகுதி. புரதம் 100க்கு 4 பங்கு அளவே தேறும். ஓர் அங்கத்தினர், தீவனத்தைச் சிக்கனம் செய்யும் நோக்கத்துடன், 110 கிராமில் கால் பங்கைக் குறைத்து அவ்விடத்தில் உலர்ந்த தோல் தூளைக் கலக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 17 பங்கு புரதமுள்ள தீவனத்தில் கோழிக்கு நாளொன்றுக்கு 18.7 கிராம் புரதம் கிடைத்துக்கொண்டிருந்தது. கலந்தபின் கிடைப்பது 15 கிராம் மட்டுமே. சுண்ணாம்புச் சத்து 4.4 கிராமிலிருந்து 3.3 கிராமாக இறங்கிவிடும். ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் அளவு சுண்ணாம்புச் சத்து செல்கிறது. தின்றது முழுவதும் உடலில் சேர்வதில்லை. ஆகவே கோழி முதலில் தன் எலும்பிலிருந்து கடன் வாங்கி ஓடு கட்டும். பின்னர் ஓடு மெலியும். அதன் பின்னர் முட்டையே குறையும். முட்டை இடுகிற கோழிக்குத்தான் வருத்தம் தெரியும் என்பது பழமொழி. அவ்வருத்தம் நமக்குத் தெரியவரும்போது ஒரு மாத வருமானம் போயிருக்கும்.

தோலைப் பற்றி மற்றொன்றும் கூறவேண்டும். தோட்டத்தில் பழத்திற்குத் தெளித்த மருந்து தங்குவது பெரும்பாலும் தோலில்தான். இக்காரணங்களால், தோலை மாட்டுத் தீவனத்துக்கு ஆராய்வோர் ஆராயட்டும். முட்டைக் கோழிக்கு அது வேண்டா என்பதே என் கருத்து.

பருப்பில் உள்ள நன்மையும் தீமையும்

கொட்டையின் கதை வேறு. ஓட்டை உடைத்து எடுக்கும் பருப்பில் மாவுச்சத்து மிகுதி. கொழுப்பு 100க்கு 10 பங்கு அளவில் உண்டு. புரதம் 7 பங்கு போல் இருக்கும். மக்காச்சோளத்திற்கு ஈடாகாவிடினும், அதற்கு ஒரு தூரத்து உறவினன் என்று சொல்லத்தக்க பொருள் இது. இதன் கொழுப்பு, சாக்கலேட் செய்வோர் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்கும் தரமுடையது. கொழுப்பு எடுத்தபின் நிற்கும் பிண்ணாக்கும் தீவனத்தில் கலக்கப்படுகிறது.

ஆனால் மாம்பருப்பை வாயில் இட்டுப் பார்த்தவர்க்கு அதன் துவர்ப்பு தெரியும். அத்துவர்ப்பை உண்டாக்குவது டானின் என்னும் பொருள். சாயம் தோய்ப்போர் கடுக்காய்க் கஷாயத்தில் நூலை முன்னதாக ஊறவைத்த வழக்கம் நம் நெசவாளர்க்குத் தெரியும். ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்ட முறையும் வட ஆர்க்காட்டார்க்குத் தெரியும். கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் வேலை செய்வது இந்த டானினே. அது தோலிலுள்ள புரதத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. அதனாலேயே தோல் கெடாமல் பதமாகிறது. கோழியின் வயிற்றிலும் அது தன் குணத்தையே காட்டும். சோயாவிலிருந்து வரும் விலையுயர்ந்த புரதத்தைப் பற்றிக்கொண்டு செரிக்கவிடாமல் தடுத்துவிடும். மலிவான பருப்பைச் சேர்க்கப்போய், மூட்டைக்கு மேல் விலை கொடுத்து வாங்கிய புரதத்தை எச்சத்தோடு வெளியேற்றுவது சிக்கனம் ஆகுமா?

இதற்குப் பரிகாரம் உண்டு. பருப்பைத் துண்டாக்கி இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, அந்நீரை வடித்து, புதுநீரில் அவித்து, அவித்த நீரையும் கொட்டிவிட்டு உலர்த்தினால் துவர்ப்பில் பெரும் பகுதி நீங்கும். முழுவதும் நீங்காது. ஆகையால்தான் அளவு வேண்டும் என்கிறோம். பக்குவம் செய்த பருப்பாயினும் 100 கிலோ தீவனத்தில் 5 கிலோவுக்கு மேல் சேர்க்காமல் தொடங்குவதே அறிவுடைமை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பெரியோர் வாக்கு. இதுவோ அமிர்தமும் அன்று.

துவர்ப்பைவிடக் கொடியது பூசணம். 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாத நோயால் மாண்டன. ஆராய்ந்ததில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் எனத் தெரிந்தது. அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். கடலை விளையும் மாவட்டத்தில் வாழும் நாம் அப்பெயரை மறக்கலாகாது. ஈரம் போகாமல் குவித்து வைக்கும் மாங்கொட்டையிலும் பூசணம் எளிதில் பற்றும். 2001 ஆம் ஆண்டில் ஒடிசா மாநிலத்துக் காசிப்பூர்ப் பகுதியில், சேமித்து வைத்திருந்த மாங்கொட்டைப் பருப்பைக் கஞ்சி காய்ச்சிக் குடித்த பழங்குடி மக்கள் பலர் உயிரிழந்தனர். பட்டினியே காரணம் என்றும், பருப்பில் பற்றிய பூசணமே காரணம் என்றும் அன்று பெரும் வாதம் நடந்தது. அவர்களை அப்பருப்பை உண்ணச் செய்தது வறுமை என்பதில் மட்டும் வாதத்திற்கு இடமில்லை. மனிதனை வாட்டக்கூடிய பொருளைக் கோழிக்குப் போடும்போது எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பதை அங்கத்தினரே சிந்தித்துக்கொள்ளலாம். அஃப்ளடாக்சின் அவித்தாலும் அழியாது. வெயிலில் மீண்டும் காயவைத்தாலும் போகாது. பூசணம் பற்றிய கொட்டையைத் தூர எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

"எங்கள் பாட்டி காலத்துக் கோழிகள் குப்பையில் கிடந்த மாந்தோலையும் கொட்டையையும் கொத்தித்தானே வாழ்ந்தன? அவற்றுக்கு ஒன்றும் நேரவில்லையே!" என்று கேட்பாரும் உளர். அக்கோழி தனக்கு வேண்டியதைக் கொத்தி, வேண்டாததை ஒதுக்கிற்று. புழு, பூச்சி, கீரை ஆகியவற்றையும் தேடித் தின்றது. இட்ட முட்டையும் ஆண்டுக்குச் சில டஜன்களே. அடைத்து வளர்க்கும் கோழிக்குத் தேர்ந்து தின்னும் உரிமையை நாம் விட்டுவைக்கவில்லை. உரிமையை எடுத்துக்கொண்டவர் பொறுப்பையும் ஏற்கவேண்டும்.

இன்னொரு கேள்வியும் நம் நகரத்தில் எழுவதுண்டு. பௌர்ணமி கிரிவலத்திலும் கார்த்திகை தீபத் திருநாளிலும் வாழைப்பழத் தோலும் தேங்காய் மூடியும் மலைபோல் குவிகின்றனவே, அவற்றையும் தீவனமாக்கலாமே என்பது அது. ஆலையில் ஒரே வகையாக, ஒரே இடத்தில், தூய்மையாக வெளிவரும் பொருள் வேறு. எண்ணெயும் கற்பூரமும் பிளாஸ்டிக் பையும் கலந்து வீதியில் மிதிபட்ட குப்பை வேறு. பின்னதற்கு உரிய இடம் எருக்குழியே.

லாபமும் நஷ்டமும்

இனி கணக்குக்கு வருவோம். பின்வரும் விலைகள் உதாரணத்திற்குக் கொள்ளப்பட்டவை. அந்தந்தச் சங்கத்தார் தத்தம் நாளின் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதற்கண், பச்சைத் தோலை மலிவென்று வாங்குவோர் கணக்கு. ஒரு டன் பச்சைத் தோலுக்கு விலை 1,000 ரூபாய். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் ஏற்றிவர வண்டிச் சத்தம் 1,000 ரூபாய். உலர்த்தக் கூலி 500 ரூபாய் எனக் கொள்வோம். உலர்ந்தபின் நிற்பது 220 கிலோ அளவே. அப்படியானால் கிலோவுக்கு 11 ரூபாய்க்கு மேல் அடக்கமாகிறது. ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது என்று நினைத்தது பதினொரு ரூபாய்ப் பொருளாகிவிட்டது. வண்டியில் நாம் ஏற்றி வந்தது தீவனம் அன்று, தண்ணீர். நூல் வாங்கும்போது ஈரச் சிட்டத்தை எடைபோட நெசவாளர் சம்மதிப்பாரா? தீவனத்துக்கும் அந்த விதியே பொருந்தும். ஈரப்பொருளை எடைக்கு வாங்கலாகாது.

அடுத்து, பக்குவம் செய்த பருப்பின் கணக்கு. மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய், பருப்புத் தூள் அடக்கம் கிலோ 15 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 100 கிலோ தீவனத்தில் 5 கிலோ மக்காச்சோளத்தை நீக்கிப் பருப்பைச் சேர்த்தால் மிச்சம் 50 ரூபாய். அதாவது கிலோவுக்கு 50 காசு. ஒரு கோழி ஆண்டுக்குத் தின்பது 40 கிலோ. ஆகக் கோழி ஒன்றுக்கு ஆண்டில் 20 ரூபாய் மிச்சம். இருபது கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு 400 ரூபாய்.

அளவு தவறினால் நேரும் நஷ்டத்தையும் பார்ப்போம். இருபது கோழிகள் ஆண்டுக்குத் தலைக்கு 250 முட்டை வீதம் 5,000 முட்டை இடுகின்றன. தீவனக் கோளாறால் பத்தில் ஒரு முட்டை குறைந்தால் 500 முட்டை போயிற்று. முட்டை 5 ரூபாய் எனில் நஷ்டம் 2,500 ரூபாய். 400 ரூபாய் மிச்சத்தை நாடிப் போய் 2,500 ரூபாயை இழக்க நேரும் காரியத்தைத் தனி வீட்டார் தாமே செய்துபார்ப்பது தகாது. அதே வேளையில், ஒரு சங்கத்தைச் சார்ந்த வீடுகளில் 2,000 கோழிகள் உள்ளன என்றால் ஆண்டு மிச்சம் 40,000 ரூபாய் ஆகிறது. சோதனைச் செலவையும் ஓர் ஆளின் சம்பளத்தில் ஒரு பகுதியையும் அதிலிருந்து ஈடுகட்டலாம். ஒருவருக்கு அற்பமாகத் தோன்றும் லாபம் பலர் சேரும்போது பொருட்படுத்தத் தக்கதாகிறது; ஒருவரால் தாங்க முடியாத ஆபத்து பலர் சேரும்போது தடுக்கத் தக்கதாகிறது. கூட்டுறவு என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

சந்தையில் பெயரும் விவரமும் இல்லாத மூட்டைகளில் "கலப்புத் தூள்" என்று விற்கப்படும் சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சென்ற ஒரு சங்கத்தின் கிடங்கில், விலை மலிவு என்னும் ஒரே காரணத்துக்காக வாங்கி வைத்த அத்தகைய மூட்டைகளைக் கண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டபோது விற்பனையாளருக்கும் தெரியவில்லை, செயலாளருக்கும் தெரியவில்லை. மூட்டையைப் பிரித்தவுடன் புழுங்கல் நாற்றம் எழுந்தது. இன்னது என்று தெரியாத பொருளை அங்கத்தினருக்கு விற்கும் சங்கம், தனியார் கடையினின்று எவ்வகையில் வேறுபட்டது?

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, கொள்முதல். மாம்பருவம் முடியும் ஆனி, ஆடி மாதங்களிலேயே மாலை மழையும் தொடங்கிவிடுகிறது. எனவே வெயில் உள்ளபோதே, ஆலையிலிருந்து வெளிவந்த ஓரிரு நாட்களுக்குள் கழுவி உலர்த்திய கொட்டையை மட்டும், உலர் எடைக்கே வாங்கவேண்டும். கறுத்தவை, வண்டு துளைத்தவை, பூசணம் பற்றியவை ஆகியவற்றைப் பொறுக்கி விலக்கியபின்னரே எடை போடவேண்டும்.

இரண்டாவது, பக்குவம். உடைத்தல், ஊறவைத்தல், அவித்தல், உலர்த்தல், அரைத்தல் என்னும் ஐந்து வேலைகளையும் ஒரே இடத்தில் ஒருவர் பொறுப்பில் செய்யவேண்டும். உடைத்தெடுத்த ஓட்டையே அடுப்புக்கு விறகாகக் கொள்ளலாம். பருப்பு ஒடித்தால் சட்டென்று முறியும் பதத்துக்கு உலரவேண்டும். மூட்டைகளைச் சிமெண்டுத் தரையில் அடுக்காமல், மரச்சட்டத்தின்மேல், சுவரைத் தொடாமல் அடுக்கவேண்டும். அரைத்த தூளில் கொழுப்பு இருப்பதால் அது விரைவில் சிக்கு வாடை கொள்ளும். ஆகவே அவ்வப்போது வேண்டிய அளவே அரைத்துக்கொள்வது நலம்.

மூன்றாவது, சோதனை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கூடம் உண்டு. ஒவ்வொரு கொள்முதல் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து அனுப்பி, அஃப்ளடாக்சின், ஈரம், புரதம் ஆகியவற்றின் அறிக்கை வந்தபின்னரே விற்பனைக்கு விடவேண்டும். கோழித் தீவனத்திற்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த 1374 ஆம் எண் தரவிதி இருக்கிறது. முடிவான கலவை அவ்விதிக்கு உட்பட வேண்டும். எந்தப் பொருள் எத்துணைப் பங்கு என்பதை மூட்டையின்மேல் தமிழில் அச்சிடவேண்டும்.

நான்காவது, ஒத்திகை. எல்லோர்க்கும் விற்பதற்கு முன்னர், ஒரே வயதும் ஒரே ரகமுமான கோழிகளை இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான தீவனமும் மற்றதற்குப் பருப்புக் கலந்த தீவனமும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கவேண்டும். நாள்தோறும் முட்டை எண்ணிக்கை, வாரந்தோறும் முட்டை எடை, உடைந்த ஓடு, மஞ்சட்கருவின் நிறம் ஆகியவற்றை ஏட்டில் பதிய வேண்டும். இவ்வேட்டை அங்கத்தினர் எவரும் பார்க்க உரிமை உண்டு என்பதைச் சங்க வாசலில் எழுதி வைக்கவேண்டும்.

ஐந்தாவது, சங்கங்களுக்குள் ஒத்துழைப்பு. நெசவாளர் சங்கத்தின் துணைவிதிகள் நூல் கொடுத்துத் துணி வாங்கும் வேலைக்கு ஏற்ப அமைந்தவை. தீவனத் தொழிலை அச்சங்கம் தானே மேற்கொள்ள வேண்டுவதில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், 1983 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி துணைவிதியில் இடம் உளதா எனப் பார்த்து, இல்லையேல் திருத்தம் பதிவு செய்துகொண்டு, தீவனம் கலக்கும் பொறுப்பை ஏற்கலாம். நெசவாளர் சங்கம் தன் அங்கத்தினரின் தேவையைத் திரட்டி, முன்பதிவு செய்து கொடுக்கலாம். கூட்டுறவுகள் தமக்குள் ஒத்துழைக்க வேண்டும் என்பது 1966 ஆம் ஆண்டில் சர்வதேசக் கூட்டுறவு இணையம் ஏற்றுக்கொண்ட கொள்கைகளுள் ஒன்று. ஆரணியில் தறியடிப்பவரும் செங்கத்தில் ஏர் உழுபவரும் கோழிக் கூண்டின் முன் ஒரே தேவையுடையவராய் நிற்கின்றனர். அக்கொள்கைக்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது.

ஆறாவது, மிச்சத்தைப் பங்கிடுதல். இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலியோர் 1844 ஆம் ஆண்டில் தொடங்கிய பண்டகசாலை, லாபத்தை அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கு ஏற்பத் திருப்பிக் கொடுத்தது. தீவனத்தில் வரும் மிச்சத்தையும் இவ்விதமே ஆண்டு முடிவில் அங்கத்தினர்க்குத் தள்ளுபடியாகக் கொடுக்கலாம்.

பொறுப்பு எவரைச் சாரும்?

டென்மார்க் நாட்டுக் குடியானவர்கள் 1895 ஆம் ஆண்டில் முட்டை ஏற்றுமதிக்கு ஒரு கூட்டுறவு அமைத்தனர். இங்கிலாந்துக்கு அனுப்பிய ஒவ்வொரு முட்டையிலும் சங்கத்தின் எண்ணையும் அங்கத்தினரின் எண்ணையும் முத்திரையிட்டனர். கெட்ட முட்டை ஒன்று லண்டன் மாநகரில் உடைக்கப்பட்டாலும், அஃது எந்தக் கிராமத்தில் எந்த வீட்டுக் கோழி இட்டது என்பது தெரிந்துவிடும். அம்முத்திரைக்குப் பின்னர் டேனிஷ் முட்டைக்கு மதிப்பு உயர்ந்தது. முட்டையில் இட்ட அந்த எண்ணைத் தீவன மூட்டையில் இடுவதே நான் வேண்டுவது. எந்தத் தொகுதிக் கொட்டை, எந்த நாளில் அவித்தது, எந்தச் சோதனை அறிக்கை என்பது மூட்டையைப் பார்த்தவுடன் தெரியவேண்டும். தவறு நேர்ந்தால் இன்னாரிடம் கேட்கலாம் என்னும் நம்பிக்கையே சங்கத்தின் உண்மையான மூலதனம்.

சில நிர்வாகிகள், "இவ்வளவு தொல்லையா? விட்டுவிடுவோம்" என்று எண்ணக்கூடும். விட்டுவிட்டால் விஷயம் நின்றுவிடாது. மாங்கொட்டைத் தூள், இன்றோ நாளையோ, பெயரில்லாத மூட்டையில் நம் அங்கத்தினர் வீட்டு வாசலுக்கு வந்தே தீரும். அவித்ததா, அவிக்காததா என்று சொல்ல ஆள் இராது. முட்டை குறைந்த பின்னர் நம் தாய்மார்கள் கோழிக்கு நோய் என்று எண்ணி மருந்துக்குச் செலவிடுவர். அந்நிலை வரும் முன்னர்ச் சங்கம் முந்திக்கொள்ள வேண்டும்.

ஆகவே, வேளாண்மைச் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவரலாம். ஒன்று, உட்பொருள் அச்சிடாத தீவனத்தைச் சங்கம் இனி வாங்குவதோ விற்பதோ இல்லை. இரண்டு, வரும் மாம்பருவத்தில் ஒரு டன் உலர்ந்த கொட்டையை மட்டும் வாங்கி, மேலே சொன்ன முறையில் பக்குவமும் சோதனையும் ஒத்திகையும் நடத்திப் பார்ப்பது. மூன்று, அதன் வரவு செலவையும் முட்டை ஏட்டையும் அங்கத்தினர் முன் படித்துக் காட்டியபின்னரே மேற்கொண்டு செல்வது. நெசவாளர் சங்கத்தார் தம் தேவையைத் திரட்டிக் கொடுக்க ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். ஒரு டன்னில் தொடங்குவது சிறிது என்று எவரும் கருதவேண்டா. பாவு நீளமாயினும் முதல் இழை ஒன்றுதான். அதனைப் பிழையின்றி இழுத்துக் கட்டுவோமாக.